அப்பாவின் பொட்டாசியம்

இந்த இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று எடிட்டர் டீம் கேட்டபோதே, ஹாஸ்டல் மெஸ், பிளேஸ்மென்ட், கடைசி செமஸ்டர் ஃபீலிங்ஸ் மூன்றையும் வேறு ஆட்கள் எடுத்துவிட்டார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். நல்லதாப் போச்சு. நான் செல்லைப் பற்றி எழுதப் போகிறேன். பாக்கெட்டில் இருக்கிற செல் இல்லை, உடம்பில் இருக்கிற செல்.

ட்ரிபிள் ஈ படிக்கிறவளுக்கு இது எதுக்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். பத்தாவதோடு பயாலஜிக்கு டாட்டா காட்டியவள் நான். பதினொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். செல் என்றால் மைட்டோகாண்ட்ரியா, அது பவர்ஹவுஸ், இரண்டு மார்க். அதையும் இங்கிலீஷில்தான் மனப்பாடம் செய்திருந்தேன். 'சவ்வு' என்ற தமிழ்ச் சொல்லையே சென்ற வருடம்தான் கற்றேன். அதை அம்மாவிடம் ரொம்பப் பெருமையாகச் சொன்னபோது, "ஜவ்வுன்னு சொல்லு கண்ணு, காது ஜவ்வு மாதிரி. புரியும்" என்றார். கல்லூரியில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் எடுத்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் செகண்ட் இயர் முடிக்கிற சமயத்தில் அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. பல வருடமாக பி.பி. இருந்திருக்கிறது. அது வலிக்காது, காய்ச்சல் வராது, அதனால் யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அப்பாவுக்குப் பொள்ளாச்சி பக்கத்தில் சின்னதாக ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. தோட்டத்து சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துபோனால் அவரிடம்தான் வரும், புது காயில் கட்டிக் கொடுப்பார். நான் ட்ரிபிள் ஈ எடுத்ததற்கு அந்தக் கடைதான் காரணம்.

டயாலிசிஸ் ஆரம்பித்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். வீட்டில் நான் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துச் சொன்னேன். தண்ணீர் அளவாக, உப்பு குறைவாக, வாழைப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது, கீரையும் உருளைக்கிழங்கும் அப்படியே கூடாது, இளநீர் கூடவே கூடாது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், இளநீரில் நின்றுவிட்டார். "தண்ணி கம்மி பண்ணச் சொல்றாங்க, சரி. காய்ச்சல்காரனுக்கே இளநீ தர்றோம். அது என்ன கண்ணு பண்ணுச்சு?"

பொள்ளாச்சிக்காரரிடம் இளநீர் குடிக்காதீர்கள் என்றால் காரணம் கேட்கத்தான் செய்வார். "டாக்டர் சொன்னார்" என்பது அவருக்குக் காரணம் ஆகாது. மோட்டார் ஏன் எரிந்தது என்று கண்டுபிடிக்காமல் காயில் மாற்ற மாட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் செல்லுக்குள் போனேன்.

முதலில் கணக்கு. ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. மோல் கணக்கில் 15 மில்லிமோல். நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. செல்களுக்கு வெளியே, ரத்தத் திரவத்தையும் திசுக்களுக்கு நடுவில் உள்ள நீரையும் சேர்த்தால், மொத்தமே 60, 70 மில்லிமோல்தான் தேறும். இப்போது அந்த 15 பெரிதாகத் தெரிகிறதா? நீங்களும் நானும் குடித்தால் செல்கள் அதைக் கொஞ்ச நேரம் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், கிட்னி சாவகாசமாக யூரினில் அனுப்பிவிடும். அப்பாவுக்கு வாங்கி வைக்க இடம் உண்டு, வெளியே அனுப்ப வழி இல்லை.

செல்லுக்கு வெளியே லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் பொட்டாசியம். உள்ளே சுமார் 140. சோடியம் அப்படியே தலைகீழ்: வெளியே 140 பக்கம், உள்ளே 10, 15. நடுவில் இருப்பது 7 நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புச் சவ்வு ஒன்றுதான். இந்தப் பக்கம் 140, அந்தப் பக்கம் 4. விட்டால் இரண்டும் கலந்து சமமாகிவிடும். கலக்காமல் எது வைத்திருக்கிறது? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, ஒரு திங்கட்கிழமை ராத்திரி வந்தது.

டயாலிசிஸ் ஆட்களுக்கு வாரத்தில் ஒரு நீண்ட இடைவெளி உண்டு. எங்களுக்கு அது சனியிலிருந்து செவ்வாய் வரை. போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, அப்பா ஒரு தோட்டத்துக்கு மோட்டார் இறக்கப் போயிருந்தார். நல்ல வெயில். தோட்டக்காரர் அன்பாக இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார். அப்பா குடித்திருக்கிறார். ராத்திரி எட்டரைக்கு, கட்டிலிலிருந்து எழ முடியவில்லை, காலில் வலுவே இல்லை என்றார். நான் ஸ்டடி ஹாலிடேஸில் வீட்டில் இருந்தேன். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சிக்னல்ஸ் பேப்பருக்காக எத்தனையோ அலைவடிவம் வரைந்திருக்கிறேன், ஆனால் சொந்த அப்பாவின் அலைவடிவத்தை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். டி அலை சாதாரணமாகச் சின்ன மேடு மாதிரி இருக்கும். அன்றைக்கு அது கூடாரம் மாதிரி ஒல்லியாக, உயரமாக, கூர்மையாக நின்றது. டியூட்டி டாக்டர் ரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. முதலில் கால்சியம் ஊசி. அடுத்து குளுக்கோஸ், கூடவே இன்சுலின். அம்மா பதறிப்போய், "அவருக்குச் சுகரே இல்லீங்களே, எதுக்குங்க இன்சுலின்?" என்று நர்ஸிடம் கேட்டார். "பொட்டாசியத்தை இறக்கறதுக்கும்மா. சுகர் ரொம்ப இறங்கிடாம இருக்கத்தான் குளுக்கோஸ்." ரிப்போர்ட் பிறகு வந்தது: 7.2. நள்ளிரவில் டயாலிசிஸ் போட்டு, விடியற்காலையில் அப்பா டீ கேட்டார். அளவாக அரை டம்ளர் கொடுத்தார்கள்.

அந்த ராத்திரி காரிடாரில் உட்கார்ந்து போனில் படித்ததும், அடுத்த சில மாதம் லைப்ரரியில் பயோடெக் ஷெல்ஃபிலிருந்து எடுத்துப் படித்ததும்தான் இனி வருவது.

சவ்வில் பம்ப் இருக்கிறது. உவமை எல்லாம் இல்லை, பெயரே சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஒரு புரதம். ஏ.டி.பி. ஒன்றைச் செலவு செய்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கோ என்பவர் நண்டின் கால் நரம்புகளை வைத்து ஆராய்ந்து 1957இல் இதைப் பற்றி எழுதினார். நோபல் பரிசு 1997இல்தான் வந்தது. நாற்பது வருடம்! நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த பம்ப் ஓடுவதற்கே போகிறது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிஷமும் மொத்த உடம்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்சுலின் வந்தால் இந்த பம்ப் வேகம் பிடிக்கும். இன்சுலின் என்றால் சர்க்கரை என்று மட்டும்தான் நமக்குத் தெரியும், ஆனால் அது பொட்டாசியத்தையும் செல்லுக்குள் போகச் சொல்லும். அந்த ராத்திரி அப்பாவின் ரத்தத்தில் அதிகமாகிவிட்ட பொட்டாசியத்தை அவருடைய சொந்தச் செல்களுக்குள்ளேயே தள்ளி வைத்தார்கள். உடம்பை விட்டு ஒரு துளியும் போகவில்லை, இடம் மட்டும் மாறியது. டயாலிசிஸ் மெஷின் தயாராகும் வரைக்கும் அந்த இட மாற்றமே போதுமாக இருந்தது. முதலில் போட்ட கால்சியம் இன்னும் விசித்திரம், அது பொட்டாசியத்தைத் தொடக்கூட இல்லை. இதயச் செல்லின் சவ்வைக் கொஞ்ச நேரம் நிதானமாக வைத்திருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

இதயத்துக்கு ஏன் அவ்வளவு பயம்? ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரியில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு வந்ததே, ஞாபகம் இருக்கா? பேட்டரி சம் போடுவதற்காகப் படித்து எக்ஸாம் ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தோமே, அதே சமன்பாடுதான் இங்கேயும். சவ்வில் பொட்டாசியம் மட்டும் கசியக்கூடிய சானல்கள் திறந்திருக்கும். உள்ளே 140, வெளியே 4 என்று போட்டு, 37 டிகிரியில் கணக்குப் பண்ணினால் மைனஸ் 95 மில்லிவோல்ட் வருகிறது. இதயத் தசைச் செல் ஓய்வில் இருக்கும்போது அளந்தால் மைனஸ் 90 பக்கம் இருக்கும். கிட்டத்தட்ட அதே. இப்போது வெளியே 4க்குப் பதிலாக 7 போடுங்கள். மைனஸ் 80. பதினைந்து மில்லிவோல்ட்தான் வித்தியாசம், ஆனால் செல் எந்த அளவில் ஓய்வெடுக்கிறதோ அதை வைத்துத்தான் அடுத்த துடிப்புக்கான சோடியம் சானல்கள் ஒழுங்காகத் திறக்கும். ஓய்வு அளவு மேலே ஏற ஏற அவற்றில் பல திறக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். துடிப்பு பரவுவது தாமதமாகும், குழம்பும், நிற்கவும் செய்யலாம். இதை நோட்டில் போட்டுப் பார்த்த அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த சானல் இருக்கிறதே, அது தனி ஆச்சரியம். சோடியம் பொட்டாசியத்தை விடச் சின்னது. ஆனால் பொட்டாசியம் போகிற ஓட்டையில் சோடியம் போகாது. பெரியதை விட்டுச் சின்னதைத் தடுக்கிற சல்லடை உலகத்தில் எங்கே இருக்கிறது? ராடெரிக் மெக்கின்னன் 1998இல் அந்தச் சானலின் வடிவத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் தெளிவானது. அயனிகள் தண்ணீரில் தனியாகத் திரிவதில்லை, தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் திரியும். சானலின் குறுகிய இடத்தில் போர்வையைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய முடியும். அங்கே ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் அளவுக்குச் சரியாக நிற்கின்றன, அதனால் அதற்குப் போர்வை போனாலும் குறை தெரியாது. சோடியம் சின்னது, எல்லா ஆக்சிஜனையும் ஒரே நேரத்தில் தொட முடியாது. அதற்குப் போர்வையோடு வெளியே இருப்பதே லாபம். 2003இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அவர் முதலில் எம்.டி. படித்த டாக்டர்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல வேண்டுமே. மில்லிவோல்ட் என்றதும் சிரித்தார். "எழுபது மில்லிவோல்ட்ல ஒரு பல்பு கூட மினுங்காது கண்ணு." நானும் விடவில்லை. ஒரு நரம்புச் செல்லை எடுத்துக்கொண்டால் 70 மில்லிவோல்ட். அது நிற்பது 7 நானோமீட்டர் தடிமனில். வகுத்துப் பாருங்கப்பா, மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட். காற்றில் 30 லட்சம் வந்தாலே ஸ்பார்க் அடிக்கும். அப்பா கையில் சூப்பர் எனாமல் வயர் சுருள் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அந்த ஜவ்வு எனாமல் மாதிரி. மேல பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அது போச்சுன்னா காயிலே போச்சு." அதற்கப்புறம் எங்கள் வீட்டில் செல் சவ்வுக்குப் பெயர் எனாமல்தான். பாடப்புத்தகப்படி முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன், எனாமலில் பம்ப் கிடையாது. ஆனால் அவர் அதற்கப்புறம் இளநீர் கேட்கவில்லை.

எனக்கு ஒரு ஆசை வந்தது, இந்தச் சவ்வைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. என் ரூம்மேட் பயோடெக். அவள் ஒரு சனிக்கிழமை மத்தியானம், லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கேட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நம் காலேஜ் மெயின் கேட் ஓரத்தில், மேல்பக்கம் பச்சையாகவும் அடிப்பக்கம் ஊதாவாகவும் ஒரு செடி வரிசையாக வைத்திருக்கிறார்களே, அதற்கு ரியோ என்று பெயர். நான்கு வருடம் அதைத் தாண்டி நடந்தவர்கள் நாம். அதன் ஊதா தோலைக் கொஞ்சம் உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, 400 மடங்கில் பார்த்தோம். தேன்கூடு மாதிரி அறை அறையாக, ஒவ்வொரு அறையும் முழுக்க ஊதா. அழகாக இருந்தது, ஆனால் கோடுகளாகத் தெரிந்தது எல்லாம் செல் சுவர்தான், சவ்வு இல்லை என்றாள் அவள். ராபர்ட் ஹூக் 1665இல் தக்கையைச் சீவிப் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தாரே, அவர் பார்த்ததும் செத்துப்போன செல்களின் சுவர்களைத்தான். உள்ளே யாரும் இல்லாத அறைகள்.

சவ்வைக் காட்டு என்றேன். காட்ட முடியாதாம். சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பால் 200 நானோமீட்டருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது, லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். ஒளியின் அலைநீளமே தடை. சவ்வு 7 நானோமீட்டர். 1950களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் அது ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடாகத் தெரிந்தது. ஆனால் அது இரண்டடுக்குக் கொழுப்பு என்று 1925லேயே ஹாலந்தில் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள், கோர்ட்டர், கிரென்டெல். ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் ஒரே அடுக்காகப் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இடம் அடைத்தது. ஆகவே இரண்டு அடுக்கு. பிற்காலத்தில் சரிபார்த்தபோது தெரிந்தது, அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்து அளந்திருக்கிறார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை சரியாக வந்துவிட்டது! நம் லேப் ரெக்கார்டுக்கு இந்த அதிர்ஷ்டம் ஒருநாளும் அடிக்காது.

"சவ்வைப் பார்க்க முடியாது, அது செய்யற வேலையைப் பார்க்கலாம்" என்று சொல்லி அவள் ஸ்லைடின் ஓரத்தில் உப்புக் கரைசலை விட்டு, மறுபக்கம் ஃபில்டர் பேப்பரால் உறிஞ்சினாள். இரண்டு மூன்று நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு அறையில் ஊதா நிறம் மூலையிலிருந்து மெதுவாக விலகியது. அடுத்த அறையிலும். அறைச் சுவர் அப்படியே நிற்க, உள்ளே இருந்த ஊதா மட்டும் சுருங்கிச் சுருங்கி நடுவில் உருண்டையாக நின்றது. நிறமும் அடர்த்தியானது. உப்பு வெளியே, தண்ணீர் உள்ளே. தண்ணீர் வெளியே ஓடிவிட்டது. ஊதா நிறம் கொஞ்சம்கூட வெளியே கசியவில்லை என்பதைக் கவனிக்கச் சொன்னாள். அந்த உருண்டையின் விளிம்பில்தான் சவ்வு இருக்கிறது. கோடு தெரியாது, எல்லை தெரியும். பிறகு நல்ல தண்ணீர் விட்டோம், ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொட்டது. நான் நாலு தடவை அதையே செய்யச் சொன்னதில் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சாவியை ஆட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

வரும் வழியில் ஒன்று புரிந்தது. அப்பாவை டாக்டர் "தண்ணியைக் குறைக்கணும்னா முதல்ல உப்பைக் குறைங்க" என்று சொல்வார். உப்பு சாப்பிட்டால் செல்லுக்கு வெளியே சோடியம் ஏறும், செல்லிலிருந்து தண்ணீர் வெளியே வரும், மூளையில் அதைக் கவனிக்கிற செல்கள் சுருங்கும், தாகம் எடுக்கும். தாகத்தை மன உறுதியால் அடக்கச் சொல்வது கொடுமை. ஊறுகாயை நிறுத்துவது அதை விடச் சுலபம். அப்பாவுக்கு ஒருநாளைக்கு ஒரு லிட்டர்கூடக் கிடையாது, சோற்றில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, வீட்டில் கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் யாராவது இருந்தால். என் மாமா ஒருத்தர், உப்பு ஆகாதாமே என்று, ஆசையாக 'லோ சோடியம்' உப்பு பாக்கெட் வாங்கி வந்தார். பின்பக்கம் திருப்பிப் படித்தால் சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு போட்டிருந்தார்கள். பி.பி. மட்டும் உள்ளவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். அப்பாவுக்கு அது விஷம் மாதிரி. மாமாவுக்கு வருத்தம்தான்.

அம்மாவின் சமையலறை பெரிய லேப் ஆகிவிட்டது. காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளிக்க வேண்டும். டயட்டீஷியன் சொன்னது அது. அம்மாவால் ஏற்க முடியவில்லை. "சாரத்தையெல்லாம் கொட்டிட்டுச் சக்கையைப் போடறேன் மனுசனுக்கு." ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதாதா என்பது அவர் கேள்வி. ஒரு பீட்ரூட்டை நறுக்கி நன்றாகக் கழுவி, பாதியைப் பச்சைத் தண்ணீரிலும் பாதியைக் கொதிக்கிற தண்ணீரிலும் போட்டுக் காட்டினேன். பச்சைத் தண்ணீர் லேசான ரோஸ். கொதித்த தண்ணீர் ரத்தச் சிவப்பு. பீட்ரூட்டின் சிவப்பு செல்லுக்கு நடுவில் உள்ள நீர்ப்பைக்குள் இருக்கிறது, பொட்டாசியத்தில் பெரும்பகுதியும் அங்கேதான். ஊறப்போட்டால் கத்தி பட்ட செல்கள் மட்டும் கசியும், மற்றதெல்லாம் உயிரோடு கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும். கொதிக்க வைத்தால் சவ்வுகள் உடைகின்றன, உள்ளே இருந்தது எல்லாம் வெளியே. அம்மா இரண்டு கிண்ணத்தையும் பார்த்துவிட்டு, "சரி, எனாமலை உடைச்சாத்தான் வரும்கறே" என்றார். வைட்டமினும் சேர்ந்து போகிறது, ருசியும் போகிறது. ருசிக்கு மட்டும் அம்மா வழி கண்டுபிடித்தார்: எலுமிச்சை, சீரகம், பூண்டு. உப்பு இல்லாமல் அவர் வைக்கிற பீர்க்கங்காய்ப் பொரியல் எங்கள் மெஸ் பொரியலை விட எவ்வளவோ மேல்.

டயாலிசிஸ் மெஷினிலும் சவ்வுதான். கையடக்க உருளைக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள், ஒவ்வொன்றும் 200 மைக்ரோமீட்டர் உள்விட்டம். உள்ளே ரத்தம், வெளியே எதிர்த்திசையில் சுத்தமான கரைசல். 1943இல் நெதர்லாந்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு நடுவில் வில்லெம் கோல்ஃப் முதல் மெஷினைச் செய்தபோது சாசேஜ் சுற்றும் செல்லோஃபேன் குழாயை மர டிரம்மில் சுற்றினார். அப்பாவுக்கு அந்தப் படத்தைக் காட்டியதும் ரொம்பப் பிடித்துப் போனது, அது மோட்டார் காயில் மாதிரியே இருக்கும். நிமிஷத்துக்கு 500 மில்லி கரைசல், நான்கு மணி நேரம், ஒரு தடவைக்கு 120 லிட்டர். இவ்வளவும் எதற்கு? அந்தச் சவ்வு உயிரில்லாதது, பம்ப் இல்லை, சமப்படுத்த மட்டும்தான் தெரியும். அதுவும் ரத்தத்தை மட்டும்தான் தொடும். மெஷின் நின்ற சில மணி நேரத்தில் செல்களுக்குள் இருந்து பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ரத்தத்துக்கு வரும். டயாலிசிஸ் முடிந்த உடனே டெஸ்ட் எடுத்து, ஆஹா குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது என்று டெக்னீஷியன் அக்காதான் சொன்னார்.

டெஸ்ட் என்றதும் இன்னொன்று. நவம்பரில் ஒருநாள் மாலை வழக்கமான ரிப்போர்ட் போனில் வந்தது. பொட்டாசியம் 6.9. ஒரு லேப்பில் கொடுத்தது, எது என்று வேண்டாம். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார், கால் நன்றாக இருக்கிறது, இளநீரும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. இருந்தும் சித்திரை ராத்திரி கண் முன்னால் வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்ததும் நான் டி அலையைத்தான் பார்த்தேன். சின்ன மேடு. கூடாரம் இல்லை. டாக்டரும் அதையே பார்த்துவிட்டு, இன்னொரு தடவை ரத்தம் எடுங்க, பொறுமையா எடுங்க என்றார். 4.8.

முதல் சாம்பிளில் ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அவற்றுக்கு உள்ளேயும் பொட்டாசியம்தான் நிறைய. உடைந்தால் அது சீரத்தில் கலந்துவிடும், மெஷின் உள்ளதை உள்ளபடி அளந்து 6.9 என்று சொல்லும். அப்பாவிடம் விளக்கினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "டியூப்ல உடைஞ்சுதா, எனக்குள்ள உடைஞ்சுதா?" டியூப்லதாம்ப்பா. "அப்ப வீட்டுக்குப் போலாம்." ஆட்டோவில் வரும்போது அம்மா அழுதார். அப்பா டிரைவரிடம் ஆட்டோவின் ஸ்டார்ட்டர் மோட்டார் சத்தம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்போது நடப்பது. அம்மாவுக்கு ஓ பாசிட்டிவ், அதனால் குரூப் தடை இல்லை. கிட்னி தருகிறேன் என்று அம்மா சொன்னது போன வருடம். அப்பா ஆறு மாதம் வேண்டாம் என்றார். தை பிறந்ததும் ஒத்துக்கொண்டார். டெஸ்ட் மேல் டெஸ்ட். அதில் ஒன்று கிராஸ்மேட்ச். அம்மாவின் வெள்ளையணுக்களை அப்பாவின் சீரத்தோடு கலப்பார்கள், கூடவே காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டத்தையும் சேர்ப்பார்கள். அப்பாவின் ரத்தத்தில் அம்மாவின் செல்லுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் காம்ப்ளிமென்ட் வந்து அம்மாவின் செல் சவ்வில் ஓட்டை போடும். பிறகு ஒரு சாயம் விடுவார்கள். சவ்வு முழுசாக இருந்தால் சாயம் உள்ளே போகாது. ஓட்டை இருந்தால் போகும். மைக்ராஸ்கோப்பில் எத்தனை செல் சாயம் ஏறியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அந்த மைக்ராஸ்கோப்பைப் பார்க்க என்னை யாரும் விடமாட்டார்கள், கேட்டும் பார்த்தேன்.

போன வாரம் ரிப்போர்ட் வந்தது. நெகட்டிவ். அம்மா அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது, அவருக்கு நெகட்டிவ் என்றால் இல்லை என்று அர்த்தம். உங்க எனாமல்ல அப்பா ஓட்டை போடலைங்கம்மா என்றேன். கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டையே பார்த்தார்.

"அப்ப இனி காய்த் தண்ணியைக் கொட்ட வேண்டாமா?"

இப்போதைக்குக் கொட்டணும், ஆபரேஷனுக்கு அப்புறமும் சில மாத்திரையால பொட்டாசியம் ஏறும், டாக்டர் சொல்ற வரைக்கும் கொட்டணும் என்றேன். பேப்பர் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. ஏப்ரலில் எனக்கு வைவா, ஆகஸ்டில் பெங்களூரில் ஜாயினிங். ஆபரேஷன் நடுவில், ஜூனில் இருக்கும் என்கிறார்கள். தம்பி ஒன்பதாவது படிக்கிறான், ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எந்த வரியில் இருக்கும் என்று அவனுக்கு இப்போது தெரியும்.